மாசிப் பனியும் லயத்துக் கூரையும்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பாட்டன் பாட்டிமார் சொல்லுவார்கள். மச்சு என்றால் வீட்டின் மேல் தட்டு, கூரைக்குக் கீழே உள்ள பகுதி. நம் பழைய லயத்துக் காம்பராக்களில் பெரும்பாலும் மச்சே கிடையாது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தகரம்தான் தெரியும். ஆகவே மாசிப்பனிக்குத் துளைக்கிற வேலையே இல்லை. நேராக இறங்கி நம் பிள்ளைகளின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு மேல் டிவிசனுக்கு நாம் போயிருந்தபோது, ஒரு வயதான அம்மாயி எங்களைக் காம்பராவுக்குள் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினார். "பாருங்க தம்பி, மழையே இல்ல. ஆனா வெள்ளாப்புல இந்தத் தகரம் அழுவுது. கம்பளி எல்லாம் நனைஞ்சு போவுது. ஓட்டைய அடைக்கச் சொல்லி எத்தன தடவ சொல்லியாச்சு" என்றார். நாமும் தேடிப் பார்த்தோம். தகரத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. அந்தத் தகரம் ஒழுகவில்லை, வேர்த்தது. ஒழுகுகிற கூரைக்கு ஒரு மருந்து, வேர்க்கிற கூரைக்கு வேறு மருந்து. இந்த இதழில் அந்த இரண்டாவது மருந்தைப் பற்றிப் பேசுவோம்.

புது வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்னும் பழைய லயத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கிற குடும்பங்கள் ஏராளம். புது வீடு வரும்வரை பிள்ளை குளிரில் கிடக்க வேண்டுமா? கையிலுள்ளதை வைத்து இந்த மார்கழிக்குள் என்ன செய்யலாம் என்பதே நம் கேள்வி.

குளிர் எந்த வழியாக வருகிறது?

மலை உயர உயரக் குளிர் கூடும். 1,000 அடி ஏறினால் ஏறக்குறைய 2 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பில் வருடச் சராசரி வெப்பம் 27 பாகைக்கு மேல். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். மார்கழி, தை, மாசி இரவுகளில் அங்கே 10 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடித்துத் தேயிலைக் கொழுந்து கருகிப் போவதையும் நாம் கண்டிருக்கிறோம்.

நாம் "குளிர் உள்ளே வருது" என்கிறோம். உண்மையில் நடப்பது, உள்ளே இருக்கும் சூடு வெளியே போவதுதான். அடுப்புச் சூடு, விளக்குச் சூடு, படுத்திருக்கிற ஐந்து பேரின் உடம்புச் சூடு எல்லாம் சேர்ந்து காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசானது, மேலே போகும். மேலே தகரம். அந்தத் தகரத்தின் கனமோ அரை மில்லிமீற்றர் அளவுதான். இரும்பு, மரத்தைவிடச் சில நூறு மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே நாம் சேர்த்த சூடெல்லாம் அந்த வழியாகவே வானத்துக்குப் போய்விடுகிறது. கதவைச் சாத்தி, யன்னலைச் சாத்தி, துணியைத் திணித்து என்ன பயன்? தலைக்கு மேலே 120 சதுர அடிக் கதவு திறந்தே கிடக்கிறது.

தகரம் ஏன் அழுகிறது?

மேகம் போட்ட இரவில் குளிர் கொஞ்சம் குறைவாகவும், நட்சத்திரம் தெரிகிற இரவில் குளிர் அதிகமாகவும் இருப்பதை எல்லோரும் அறிவோம். மேகம் ஒரு கம்பளி போல. அது இல்லாத இரவில் தரையும் தகரமும் தம் சூட்டைத் தடையில்லாமல் வானத்துக்கு விடுகின்றன. அப்போது கூரைத் தகரம், சுற்றியுள்ள காற்றைவிடவும் சில பாகை அதிகமாகக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் லொறியின் மேலே கை வைத்துப் பாருங்கள், இது விளங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது? தூங்குகிற ஒருவர் இரவு முழுவதும் மூச்சாலும் உடம்பாலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கு மேற்பட்ட தண்ணீரை ஆவியாக வெளியே விடுகிறார். ஐந்து பேர் படுத்தால் ஒரு லீற்றருக்கு மேல். போதாததற்கு நனைந்த படங்கு, காயாத உடுப்பு, கொதிக்கிற கேத்தல். இந்த ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது. ஐஸ் தண்ணி ஊற்றிய கிளாசுக்கு வெளியே தண்ணீர் முத்து முத்தாகப் பிடிக்கிறதல்லவா? அதே சங்கதிதான். அந்தத் தண்ணீர்தான் கம்பளியில் சொட்டுகிறது, சுவரில் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது, தகரத்தை உள்பக்கமிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது.

ஒழுக்கா, வேர்வையா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. மழை பெய்யும்போது ஒரே இடத்தில் சொட்டினால் அது ஒழுக்கு. பகலில் காம்பராவை இருட்டாக்கி மேலே பார்த்தால் அந்த ஓட்டையில் வெளிச்சம் தெரியும். மழையே இல்லாத, வானம் தெளிந்த இரவின் கடைசியில், தகரம் முழுவதும் பரவலாக நனைந்திருந்தால் அது வேர்வை. இதற்கு எத்தனை முறை தார் பூசினாலும் நிற்காது.

பங்களாவிலும் அதே தகரம்தான்

சிலர் கேட்பார்கள்: "தகரம்தான் குத்தம்னா, தொரை பங்களாவுலயும் தகரந்தானே? அங்க மட்டும் ஏன் குளிரல?" நல்ல கேள்வி.

உயர்ந்த மலைகளில் உள்ள பழைய பங்களாக்கள் பலவற்றுக்கும் தகரக் கூரைதான். ஆனால் தகரத்துக்குக் கீழே பலகைச் சீலிங் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஆள் தவழ்கிற அளவுக்கு இடம் இருக்கும். அறையில் நெருப்பு மூட்டக் கணப்பு இருக்கும். அதற்குப் புகைபோக்கியும் இருக்கும். லயத்துக்குத் தகரத்தை மட்டும் வைத்தார்கள், சீலிங்கை வைக்கவில்லை. குளிரைத் தடுக்கும் வழி அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. அது நம் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். பங்களாவில் செய்த வேலையைச் சிறிய அளவில் நம் காம்பராவிலும் செய்யலாம்.

தடுப்பது எது? அசையாத காற்று

கம்பளி ஏன் சூடாக இருக்கிறது? கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் நூலுக்கு நடுவில் காற்று சிக்கி நிற்கிறது. அசையாமல் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. அதே கம்பளி நனைந்துவிட்டால் சூடு போய்விடும். ஏனென்றால் தண்ணீர், அசையாக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

கூரைக்கும் இதே விதிதான். தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங் அடித்து, இடையில் காற்று அசையாமல் நின்றாலே, கூரை வழியாகப் போகும் சூடு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். சீலிங்குக்கு மேலே இரண்டு அங்குலக் கனத்தில் கண்ணாடிப் பஞ்சு மாதிரி ஒன்றை விரித்தால், வெறும் தகரத்தில் போனதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். முதல் பாதியை நம்மால் மிகக் குறைந்த செலவில் செய்ய முடியும். மீதியைக் கையில் காசு சேரச் சேரச் செய்யலாம்.

சீலிங் இருந்தால் ஈரக்காற்று தகரத்தைத் தொடாது, வேர்வையும் குறையும். மழைக்காலத்தில் தகரத்துச் சத்தமும் குறையும். பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கலாம்.

கை வைக்குமுன் நான்கு காரியம்

முதலாவது, அனுமதி. லயம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. சுவரிலும் கைமரத்திலும் ஆணி அடிக்குமுன் வெளிக்கள உத்தியோகத்தரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ சொல்லிவிடுங்கள். கேட்கப் போகும்போது பழைய பலகை, மரத்துண்டு ஏதும் ஸ்டோரில் கிடக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்?

இரண்டாவது, ஒழுக்கு. ஓட்டைகளை முதலில் அடையுங்கள். சீலிங் அடித்த பிறகு மேலே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்குள்ளே ஊறி, ஒருநாள் மொத்தமாக விழும். ஆணி தளர்ந்த இடத்தில் வொஷர் போட்டு அடிக்க வேண்டும். சின்ன ஓட்டைக்குத் தாரில் நனைத்த துணி போதும். உக்கிப்போன தகரத்தை மாற்றத்தான் வேண்டும். அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, மின்சார வயர். பழைய வயர், தோல் உரிந்த வயர், கண்டபடி முடிச்சுப்போட்டு இழுத்த வயர் மேலே இருந்தால், அதைச் சரிசெய்யாமல் சீலிங் அடிக்கவே கூடாது. தெரிந்த வயரிங்காரரைக் கொண்டு பாருங்கள். "நம்ம தம்பிக்குக் கொஞ்சம் தெரியும்" என்பது இந்த வேலைக்குப் போதாது.

நான்காவது, உங்கள் கூரை தகரமா, அஸ்பெஸ்டஸ் சீட்டா என்று பாருங்கள். அஸ்பெஸ்டஸ் என்றால் அதைத் துளைக்கவோ, அறுக்கவோ, உடைக்கவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயைக் கொடுக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீலிங்கை மரத்திலும் சுவரிலும் மட்டும் கட்டுங்கள். சீட்டைத் தொட வேண்டாம்.

சாக்குச் சீலிங் கட்டும் முறை

பலகைக்குக் காசில்லாத வீட்டுக்கு ஏற்றது சணல் சாக்குச் சீலிங். அந்தக் காலத்தில் இந்தியாவின் பல பங்களாக்களிலும் துணியை இழுத்துக் கட்டி வெள்ளையடித்துத்தான் சீலிங் வைத்தார்கள். ஆகவே இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

10 அடிக்கு 12 அடி காம்பரா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 சதுர அடி. ஒரு பெரிய சணல் சாக்கின் தையலைப் பிரித்து விரித்தால் 12 முதல் 14 சதுர அடி வரும். மடிப்புக்கும் தையலுக்கும் கொஞ்சம் போனாலும், ஒரு அடுக்குக்கு 11 அல்லது 12 சாக்கு போதும்.

சாக்குகளைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மருந்து, கிருமிநாசினி வைத்திருந்த சாக்கு எதுவும் வீட்டுக்குள் வரவே கூடாது. குடிதண்ணீர் எடுக்கும் பீலிக்கு மேலே கழுவாதீர்கள். காய்ந்த சாக்குகளைக் கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்து ஒரே விரிப்பாக்குங்கள்.

இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குல மரச்சட்டங்களைச் சுவரின் மேல் ஓரத்தில் நான்கு பக்கமும் அடியுங்கள். பிறகு குறுக்கே 2 அடிக்கு ஒன்று வீதம் சட்டம் வையுங்கள். 10 அடி நீளச் சட்டம் நடுவில் தொய்ந்துவிடும். ஆகவே நடுவில் கைமரத்திலிருந்து கம்பியால் ஒரு தாங்கு கட்டுங்கள். சீலிங் தகரத்தைத் தொடக்கூடாது. மிகத் தாழ்ந்த இடத்திலும் நாலைந்து அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

சாக்கு விரிப்பைச் சட்டத்தின் கீழே நன்றாக இழுத்து, சின்ன ஆணியும் அட்டைத் துண்டும் வைத்து அடியுங்கள். ஒரு ஆள் இழுக்க, ஒரு ஆள் அடிக்க, இரண்டு பேர் வேலை. பிறகு சுண்ணாம்பில் கொஞ்சம் சீமெந்து கலந்து, கூழ்ப் பதத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு தடவை பூசுங்கள். ஒரு தடவை காய்ந்த பிறகுதான் அடுத்த தடவை. கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கண்ணைக் கெடுத்துவிடும். காய்ந்ததும் சாக்கின் கண்கள் அடைபட்டு, விரிப்பு விறைத்து நிற்கும். காம்பராவும் வெளிச்சமாகும். சுண்ணாம்பு ஏறிய சாக்கு இலேசில் தீப்பற்றாது. ஆனால் தீயே பற்றாது என்று எண்ணிவிடாதீர்கள்.

உரம் வரும் பிளாஸ்டிக் சாக்கையும் பொலித்தீனையும் பலர் இப்படிக் கட்டுகிறார்கள். அது காற்றைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் நெருப்புப் பட்டால் உருகி எரிந்துகொண்டே கீழே சொட்டும். தூங்குகிற பிள்ளையின் மேலே அதைத் தொங்கவிட வேண்டாம் என்பதே நம் ஆலோசனை.

கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு

ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டு அழகாகச் சீலிங் அடித்த வீடுகள் இருந்தன. பிறகு பெக்டரிகள் காகிதச் சாக்குக்கு மாறிவிட்டதால் அந்தப் பலகை கிடைப்பது அரிது. இப்போது மெல்லிய பிளைவூட், அஸ்பெஸ்டஸ் கலக்காத சீலிங் சீட் ஆகியவை ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். பலகையின் மூட்டுகளில் இடைவெளி விடாமல் மேலே ஒரு பட்டிச் சட்டம் அடியுங்கள். மூட்டு வழியே ஈரக்காற்று ஏறினால் திரும்பவும் தகரம் அழும்.

பலகைச் சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரிக்கலாம். அது எரியாது. ஆனால் அதன் தூள் தோலையும் மூச்சையும் அரிக்கும். விரிக்கும்போது கைக்கு உறையும், மூக்குக்குத் துணியும் போட்டு, நீளக்கை சட்டை அணிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். பஞ்சை அமுக்கித் திணிக்கக் கூடாது. அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்றுப் போய்விடும். காற்றுப் போனால் பயனும் போய்விடும். வயருக்கும் பல்ப் ஹோல்டருக்கும் மேலே அதை மூடாதீர்கள்.

டீவி பெட்டியில் வரும் ரெஜிபோம், காய்ந்த மானாப்புல், வைக்கோல், பழைய பத்திரிகை, கந்தல் துணி ஆகியவையும் குளிரைத் தடுக்கும். ஆனால் அவையெல்லாம் விறகுக்குச் சமம். ரெஜிபோம் எரிந்தால் வரும் கறுப்புப் புகையே ஆளைக் கொல்லும். புல்லும் கந்தலும் எலிக்கு மெத்தை. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் கூடவே வரும். இவை வேண்டாம்.

கூரைத் தகரத்தின் நெளிவுக்கும் சுவருக்கும் இடையில் வரிசையாக ஓட்டைகள் தெரியும். அவற்றின் வழியாகத்தான் ஊசிக்காற்று வருகிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஓரமாகப் பிடித்தால், எந்த ஓட்டையில் காற்று அதிகம் என்று புகை காட்டிக்கொடுக்கும். சீமெந்துக் கலவையில் நனைத்த சாக்குத் துண்டால் அவற்றை அடையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. பத்து ஓட்டையில் எட்டை அடைத்து, இரண்டைக் கம்பி வலை வைத்து விடுங்கள். தப்பித்தவறி மேலே போகிற ஈரம் அந்த வழியாக வெளியேறும். வலை இருந்தால் எலியும் நுழையாது.

புகைக்கு வழி விடுங்கள்

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை, இனிச் சொல்வதை மறக்கக் கூடாது. குளிரை அடைக்கப் போய்ப் புகையை உள்ளே அடைத்துவிட்டால், செய்த வேலை பிள்ளைக்கு நஞ்சாகிவிடும்.

அடுப்பு தனிக் குசினியிலோ இஸ்தோப்புப் பக்கமோ இருந்தால் நல்லது. படுக்கிற காம்பராவுக்குச் சீலிங் போடுங்கள். அடுப்புக்கு மேலே போட வேண்டாம். அங்கே தகரத்தில் புகை போக வழி இருக்கட்டும். அடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில் என்றால், முதலில் புகைபோக்கி, பிறகுதான் சீலிங். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டு பானை வைக்கும் அனகி அடுப்பு விறகைக் குறைக்கும். ஆனால் அதற்கும் புகை போக வழி வேண்டும். விறகுப் புகையில் வளரும் சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா வருவது அதிகம் என்பதை வைத்தியர்கள் நிச்சயமாகக் கண்டிருக்கிறார்கள்.

அடுப்புக்கு மேலே விறகு காயப்போடும் அட்டல் பல வீடுகளில் உண்டு. பொறி தட்டினால் முதலில் பற்றுவது அதுதான். அட்டலைச் சீலிங்கோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, தணல் சட்டி. குளிர் தாங்காமல் கரித்தணலைச் சட்டியில் அள்ளிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிற பழக்கம் இருக்கிறது. "புகையே இல்லீங்க, வெறும் தணல்தானே" என்பார்கள். புகை இல்லாததுதான் ஆபத்து. தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பழைய காம்பராவில் ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் காற்று வந்ததால் பலர் தப்பியிருக்கலாம். சீலிங் அடித்துக் காற்றை அடைத்த காம்பராவில் தப்ப வழியில்லை. ஆகவே சீலிங் போட்ட வீட்டில் தணல் சட்டிக்கு இடமே கிடையாது. அப்படி யாருக்கும் மயக்கம் வந்தால், உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்கி, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், அது வெறும் சளி அல்ல. தைலம் தடவிக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஒரே கூரை, பல குடும்பம்

லயத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருந்தாலும், பல லயங்களில் அந்தச் சுவர் தகரம் வரை போவதில்லை. மேலே லயம் முழுவதும் ஒரே வெளி. அதனால்தான் முதல் காம்பராவில் கருவாடு பொரித்தால் கடைசிக் காம்பராவுக்கு மணக்கிறது. சூடும் அப்படித்தான் ஓடும், புகையும் அப்படித்தான் ஓடும், தீயும் அப்படித்தான் ஓடும். ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு ஒரே இரவில் லயத்தையே எரித்து, உடுத்த துணியோடு குடும்பங்கள் வெளியே நின்ற செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

ஆகவே இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்வதைவிட லயமாகச் சேர்ந்து செய்வது மேல். ஒரு வீட்டில் மட்டும் சீலிங் அடித்தால், அடுத்த வீட்டு அடுப்புப் புகை அந்தச் சீலிங்குக்கு மேலேயே போய் நிற்கும். எல்லோரும் சேர்ந்தால், நடுச்சுவர்களைக் கல்லும் சீமெந்தும் வைத்துத் தகரம் வரை உயர்த்தும்படி நிர்வாகத்திடம் கேட்கலாம். அது குளிருக்கும் தடை, தீக்கும் தடை. மரமும் ஆணியும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். உங்கள் தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே பேசுங்கள். மாதர் சங்கத்தார் சாக்குத் தையலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார்கள். ஏணியில் ஏறத் தெரிந்த இளைஞர்கள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற காம்பராவில் தொடங்குங்கள். குளிர் முதலில் பிடிப்பது அவர்களைத்தான்.

முடிவாக

வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்: முதலில் ஒழுக்கையும் வயரையும் பார், அடுப்புக்குப் புகை வழி செய், படுக்கிற காம்பராவுக்குச் சீலிங் கட்டு, ஓரத்து ஓட்டைகளை அடை, இரண்டைத் திறந்து வை, தணல் சட்டியை வெளியே வை.

"இதெல்லாம் கம்பெனி செய்ய வேண்டியது, நாங்க ஏன் செய்யணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். உக்கிய தகரத்தை மாற்றுவதும், நடுச்சுவரை உயர்த்துவதும், வயரிங்கைச் சரிசெய்வதும் நம் தலையில் விழ வேண்டிய செலவல்ல. அவற்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே 12 சாக்கும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் கொண்டு நம் பிள்ளை படுக்கிற இடத்தையும் மூடுவோம். கடிதத்துக்குப் பதில் வரும்வரை மாசிப்பனி காத்திருக்காது.

அந்த அம்மாயியின் காம்பராவுக்குப் பேரன்மார் சேர்ந்து சாக்குச் சீலிங் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, "இன்னும் அழுவுதா அம்மாயி?" என்று கேட்டோம். "அழுதா அழுதுட்டுப் போவுது தம்பி, இப்ப எங்க மேல சொட்டுறது இல்ல" என்றார். தகரத்தின் குணத்தை நம்மால் மாற்ற முடியாது. அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு மச்சு கட்ட நிச்சயமாக முடியும்.